முதலமைச்சர்களின் மேட்டுக்காடு

கணவாய்

உசிலம்பட்டியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மலைகள் சாலையை நெருக்கத் தொடங்குகின்றன. பங்குனி வெயிலில் சரிவெல்லாம் காய்ந்து கிடக்கிறது. உடைமரங்களில் மட்டும் ஏதோ கொஞ்சம் பச்சை. பஸ் கணவாயில் ஏறி இறங்கினால் மதுரை மாவட்டம் முடிந்து தேனி மாவட்டம் வந்துவிடும். போடி போகும் ரயில் பாதையும் இதே இடுக்கில் பாறையை வெட்டிக்கொண்டுதான் போகிறது. 1928-ல் போட்ட பாதை. அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். போடி வரைக்கும் மறுபடி ஓட 2023 ஜூன் ஆயிற்று.

“ரயிலு நின்னப்ப எம் பேரன் கைப்புள்ள. திரும்ப ஓடுனப்ப அவன் ஏழாப்பு” என்றார் பக்கத்து இருக்கை அம்மா. மடியில் பை நிறைய உசிலம்பட்டிச் சந்தைக் காய்கறி. ரயில் இருந்தும் பஸ்ஸில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். “ரயிலு அது நேரத்துக்குல வரும். சந்த என் நேரத்துக்கு” என்று சிரித்தார்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் கோபுரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் படுத்துக் கிடக்கும். இங்கே தரை எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்கிறது. கிழக்கே ஆண்டிபட்டி மலை, தெற்கே வருசநாட்டு மலை, மேற்கே மேகமலை. தென்மேற்குப் பருவமழையை மேகமலையின் அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்று மட்டும். இந்த மழை மறைவுப் பள்ளத்தாக்கும் அதன் வாசலில் இருக்கும் மேட்டுக்காடும் சேர்ந்ததுதான் 198-ஆம் எண் சட்டமன்றத் தொகுதி, ஆண்டிபட்டி. தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஊர்கள் பேரில் எத்தனையோ தொகுதிகள் இருக்க, இந்தப் பெயர் மட்டும் எப்படி எல்லார் வாயிலும் புகுந்தது? அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

ஆண்டிபட்டி

நெடுஞ்சாலைதான் ஊர். சாலைக்கு இந்தப் பக்கம் பாத்திரக்கடை, அந்தப் பக்கம் உரக்கடை, நடுவில் தேனிக்கும் மதுரைக்கும் பறக்கிற பஸ்கள். காலைப் பூ மார்க்கெட் கலைந்து, ஈரச் சாக்கில் ஒட்டிய மல்லிகையைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பருப்பு வடையைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. கட்சிக் கொடி. ஒரு காலத்தில் எம்.ஜி.ஆர். சொன்னார் என்று தொண்டர்கள் குத்திக்கொண்டது. தோல் சுருங்கியதில் கொடியும் சுருங்கிப்போயிருந்தது.

“எந்த ஊரு தம்பி?”

“மன்னார்குடிங்கய்யா.”

வடை பாதி வழியில் நின்றது. “மன்னார்குடியா? அப்ப அவுக ஆளா?”

கடை முழுக்கச் சிரித்தது. தேனிப் பக்கம் மன்னார்குடி என்று சொன்னால் அது ஊர்ப் பெயர் மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மன்னார்குடிக் குடும்பத்து டி.டி.வி.தினகரன் 1999-ல் பெரியகுளத்தில் எம்.பி. ஆனதிலிருந்து, மன்னார்குடிக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கிறது. “நான் வெறும் ஊர்க்காரன்தான்” என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வடை வாய்க்குப் போனது.

ஆண்டிபட்டிக்கு நட்சத்திரங்கள் வந்தது 1984-ல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே, 1980-ல், அ.தி.மு.க. சார்பில் எஸ்.எஸ்.ராஜேந்திரன் இங்கே ஜெயித்திருக்கிறார். ‘இலட்சிய நடிகர்’. 1962-லேயே தேனியில் தி.மு.க. சார்பில் நின்று சட்டமன்றத்துக்குப் போனவர். அடுத்த தேர்தலில் இந்தத் தொகுதியை எம்.ஜி.ஆர். எடுத்துக்கொண்டார். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று இடம் மாறிக்கொண்டே வந்தவருக்கு இதுதான் கடைசித் தொகுதி. ஆனால் ஓட்டுக் கேட்க அவர் வரவில்லை. நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

“உசுரோட இருக்காரான்னே இங்க சண்டை” என்றார் பெரியவர். “அப்பறம் வேன்ல டி.வி. பொட்டியக் கட்டிக் கொண்டாந்தாக. பள்ளிக்கூடத்துத் திண்ணையில வச்சு வீடியோ ஓட்டுனாக. பெட்டுல உக்காந்து தலைவர் சாப்புடுறாரு. அம்புட்டுதான் படம். பொம்பளைக அழுத அழுகை இருக்கே…”

1984 டிசம்பர் 24-ல் ஓட்டுப்பதிவு. இந்திரா காந்தி கொலையான அனுதாபமும் சேர்ந்துகொண்டது. 32,484 வாக்கு வித்தியாசத்தில், தொகுதிப் பக்கமே வராமல், எம்.ஜி.ஆர். ஜெயித்தார். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1987-ல், அதே டிசம்பர் 24-ல் காலமானார்.

கதை இதோடு முடிந்தால் ‘சினிமா மோகத்தில் ஓட்டுப் போடும் ஊர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள். 1989 ஜனவரியில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி, அவரே முதலமைச்சராகவும் இருந்தவர், கணவரின் தொகுதியில் நின்றார். பக்கத்துப் போடியில் ஜெயலலிதா நின்றார். ஜானகிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்குச் சேவல். போடியில் சேவல் ஜெயித்தது. ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார், தி.மு.க.வின் ஆசையன் சட்டமன்றம் போனார்.

“அய்யா, நீங்க ஜானகியம்மாவுக்குப் போட்டீங்களா?”

பெரியவர் டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். “எலை இல்லையே தம்பி.”

கட்சி இரண்டாகி, இரட்டை இலைச் சின்னம் முடங்கிக் கிடந்த வருஷம் அது. கையில் கொடியைக் குத்திக்கொண்ட மனிதருக்கே தலைவரின் மனைவி முகம் போதவில்லை. இந்த மூன்று சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதித் தொகுதியைச் சுற்றினேன்.

சக்கம்பட்டி

ஆண்டிபட்டியை ஒட்டியே இருக்கிறது சக்கம்பட்டி. தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு கேட்காது, தறிச் சத்தம்தான். இங்கேயும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்கிற காட்டன் சேலைகள் எங்கெங்கோ போய் வேறு ஊர்ப் பெயர்களில் விற்கின்றன என்பது நெசவாளர்களின் மனக்குறை. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓர் அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை ராட்டினத்தை ஓட்ட, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் ஊதா நூல் ஓடியது. விரல் இடுக்கில் நூல் அறுத்த கோடு ஒன்று நிரந்தரமாகவே இருந்தது. பேசும்போதும் கண் நூலை விட்டு நகரவில்லை.

“அம்மா நின்னப்ப இந்தத் தெரு வரைக்கும் மந்திரிமாரு நடந்தே வந்தாக. ஒரு மாசம் ஊரே மெட்ராஸ் மாதிரி இருந்துச்சு.”

அவர் சொன்னது 2002 பிப்ரவரி இடைத்தேர்தலை. 2001 பொதுத்தேர்தலில் ஆண்டிபட்டி உட்பட நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா தாக்கல் செய்த மனுக்கள் தள்ளுபடி ஆயின. இங்கே தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரான ஜெயலலிதா, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்த ஆண்டு செப்டம்பரில் பதவி இழந்தார். பக்கத்துப் பெரியகுளத்து எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். பதவிக்குத் தடையாக இருந்த டான்சி வழக்கில் விடுதலை கிடைத்ததும் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்ய, ஜெயலலிதா இங்கே நின்று 41,201 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, மார்ச் 2-ல் மறுபடி முதல்வரானார். 2006-லும் இங்கேதான் ஜெயித்தார். வித்தியாசம் 25,186 ஆகக் குறைந்தது, ஆட்சியும் போயிற்று. 2011-ல் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்.

“அம்மா போனப்பறம்?”

“அப்பறம் என்ன, அண்ணன் தம்பிதான்” என்று முதல் முறையாக நிமிர்ந்து சிரித்தார்.

2011, 2016 இரண்டிலும் தங்க தமிழ்ச்செல்வனே ஜெயித்தார். 2017-ல் தினகரன் பக்கம் நின்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். அந்த இடத்துக்கு 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க. மகாராஜனை நிறுத்தியது. அ.தி.மு.க. அவருடைய தம்பி லோகிராஜனை நிறுத்தியது. தெருவுக்குத் தெரு சாதிக் கணக்குப் போடுகிற நிபுணர்கள் திகைத்திருப்பார்கள்: இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் ஆள் எடுத்தால் எந்தச் சாதியை எந்தப் பக்கம் எழுதுவது? ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரிச் சோதனை நடந்து, கூட்டம் திரள, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. வார்டு எண்ணும் தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கும் எழுதிய கட்டுகளாக 1.48 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டது. கடைசியில் அண்ணன் 12,323 வாக்குகளில் ஜெயித்தார். 2021-லும் அதே இருவர். அண்ணனே, இந்தத் தடவை 8,538.

தி.மு.க. இங்கே ஜெயித்த வருஷங்களை வரிசையாக வைத்தால் பெரியவரின் மூன்று சொல் துலங்குகிறது. 1989-ல் அ.தி.மு.க. இரண்டாக உடைந்திருந்தது. 1996-ல் மாநிலமே அந்த ஆட்சிக்கு எதிராகத் திரும்பியிருந்தது. 2019, 2021 இரண்டிலும் தினகரனின் அ.ம.மு.க. தனியாகப் பிரிந்து நின்றது. கட்சி ஒன்றாக, இலையோடு வந்தால் உள்ளூர்க்காரருக்கும் ஓட்டு விழும். உடைந்து வந்தால் எம்.ஜி.ஆர். வீட்டுக்காரம்மாவுக்கும் விழாது. சினிமா மோகம் என்று வெளியூரில் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த ஊர் கட்சிக் கணக்கைப் பிசகில்லாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வைகை அணை

ஆண்டிபட்டியிலிருந்து பெரியகுளம் போகிற வழியில் அணை. 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்து வைத்தது. பூங்கா, மண்டபம், பள்ளிச் சுற்றுலா வேன்கள். தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி. 66 அடியில் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. நான் போனபோது எச்சரிக்கைக்கு வேலையில்லை. விளிம்பு நெடுக வெடித்த வண்டல், அதில் ஆட்டுக் குளம்புத் தடம். இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்கள் காலி செய்யப்பட்ட கதைதான் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’.

வெளியே வரிசையாக மீன் கடைகள். ஜிலேபிக் கெண்டையைக் கீறி, மிளகாய் மசாலா அப்பி, தோசைக்கல்லில் போட்டுக் கொடுத்தார் ஒரு அக்கா. எங்கள் பக்கம் விரால், கெளுத்தி என்றால் குழம்புதான். இந்தக் கல் வறுவலில் ஓரம் கருகிய இடம்தான் ருசி.

“தண்ணி இங்கனதாண்ணே நிக்கிது. ஆனா நாங்க மோட்டார் வச்சு எடுத்தா கேசு. கதவத் தொறந்தா மதுரைக்காரவுகளுக்கு, ராமநாதபுரத்துக்காரவுகளுக்கு. எங்க கம்மாய்ல புல்லு மொளைச்சிருக்கு” என்றார் மீனைத் திருப்பிப் போட்டபடி.

நிலத்தின் சாய்வு அப்படி. அணை பள்ளத்தில் இருக்கிறது, தொகுதியின் காடுகள் மேட்டில் இருக்கின்றன. ஜூனில் மதகு திறந்தால் திண்டுக்கல், மதுரை மாவட்டங்களின் 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குத்தான் முதல் தண்ணீர். அப்புறம் ஒருபோகம், பிறகு சிவகங்கை, ராமநாதபுரம். உசிலம்பட்டிக்காக வெட்டிய 58 கிராமக் கால்வாயில்கூட அணை 67 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் ஏறும். இன்னொன்றும் உண்டு. இந்த அணையில் நிற்பதில் பெரும்பகுதி வைகைத் தண்ணீரே இல்லை. 1895-லிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி விடப்படும் பெரியாற்றுத் தண்ணீர், முல்லையாறு வழியாக வந்து சேர்வது.

நான் மீன் முள்ளைத் துப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்களா என்று பேப்பரைப் பார்க்கிற ஊர்க்காரன் நான். திறக்கத் தாமதமானால் முதலில் கொடி பிடிப்பதும் நாங்கள்தான். மேட்டூர்க் கரையில் மீன் வறுக்கிற ஒருவர் என்னைப் பற்றி இதே குரலில் பேசிக்கொண்டிருப்பார் என்று இவ்வளவு வயதுக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

க.விலக்கு, கண்டமனூர்

தேனி சாலையில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. ஜெயலலிதாவின் தொகுதியாக இருந்த காலத்தில் வந்தது. ‘முதலமைச்சர் தொகுதியாக இருந்து என்ன கிடைத்தது?’ என்று யாரைக் கேட்டாலும் கை இந்தப் பக்கம்தான் நீளுகிறது. வாசலில் இட்லிக் கடைகள், ஆட்டோக்கள், துணிப்பையோடு காத்திருக்கும் கிராமத்துச் சனம். மாவட்டம் முழுக்க இங்கேதான் வருகிறது.

இங்கிருந்து தெற்கே பிரிந்தால் கண்டமனூர். வழியெல்லாம் காற்றாலைகள். கம்பம் பக்கத்து மலை இடைவெளியில் நுழைகிற காற்றை அவை பிடித்து அரைத்துக்கொண்டிருக்கின்றன. வருசநாட்டுக் காடெல்லாம் ஒருகாலத்தில் கண்டமனூர் ஜமீனுக்குச் சொந்தம். ஜமீன் அரண்மனையின் இடிந்த சுவர்களைப் பார்த்து நின்றபோது அந்த வழியே சைக்கிளில் போன ஒருவர், “உள்ள போகாதீக, பாம்பு கெடக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூல வைகை இந்த ஊர்ப் பக்கம்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு. பங்குனியில் அது மணல்.

கடமலைக்குண்டு

பள்ளத்தாக்குக்குள் போகப் போக முகம் மாறுகிறது. ஓரிடத்தில் தென்னந்தோப்பு, அடுத்த திருப்பத்தில் மானாவாரிக் கொல்லை, அதற்கு மேலே சரிவில் இலவ மரங்கள். இலை உதிர்த்த கிளைகளில் காய் மட்டும் தொங்குகிறது. ஒரு களத்தில் ஆண்களும் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு பக்கம், பஞ்சு வலைக்குள். பெண்கள் தலையையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். புருவத்தில் பஞ்சு ஒட்டி எல்லாரும் கிழவிகள் போலத் தெரிந்தார்கள். குத்தகைக்காரர் மர நிழலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

“போடி வியாபாரி வச்சதுதாண்ணே விலை. காத்தடிச்சா பாதி பறந்திரும், மழை பெஞ்சா பஞ்சு கறுத்திரும்.”

மதியம் அவரே சாப்பிடக் கூப்பிட்டார். கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, சின்ன வெங்காயம். களியை நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக் கொடுத்த அவர் மனைவி, நான் மென்று தின்பதைப் பார்த்துவிட்டு, “மெல்லக் கூடாதுங்கய்யா, முழுங்கணும்” என்றார். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த தொண்டை கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது.

தேர்தலைப் பற்றிக் கேட்டதும் குத்தகைக்காரர், “ஆண்டிபட்டி ஆண்டிபட்டிங்குறாகள்ல, அந்தப் பேச்செல்லாம் மெயின் ரோட்டோட சரி. அம்மா ஹெலிகாப்டர் இந்த மலையைத் தாண்டி உள்ள வரல. ஆனா கடமலை-மயிலை ஒன்றியத்து ஓட்டு இல்லாம எவனும் ஜெயிக்க முடியாது” என்றார். களத்தில் இருந்த ஒருவர், “மூல வைகையில ஒரு அணையக் கட்டுங்கன்னு எங்கப்பா காலத்துல இருந்து கேக்குறோம்” என்று சேர்த்துக்கொண்டார்.

வருசநாடு

மயிலாடும்பாறை தாண்டி வருசநாடு. இதற்கு மேலே மலைக் கிராமங்கள். அரசரடி, பொம்மராஜபுரம், இந்திராநகர். கடைத்தெருவில் அரிசி மூட்டையும் கோழித் தீவனமும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் நிற்கின்றன. 2021 பிப்ரவரியில் இந்தக் காடுகள் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. 1,016 சதுர கிலோமீட்டர். வைகை பிறக்கிற காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதை இங்கே யாரும் மறுக்கவில்லை. அந்தக் காட்டுக்குள் தலைமுறையாக முந்திரியும் இலவும் வைத்துப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வது என்று மட்டும் கேட்கிறார்கள். மாடு மேய்க்கத் தடை, ரோடு போடத் தடை, எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்ற பயம்.

ஜீப்புக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ரேஷன் அரிசிப் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். எம்.ஜி.ஆருக்கு அவருடைய பாட்டி ஓட்டுப் போட்டிருக்கிறார், ஜெயலலிதாவுக்கு அம்மா. அவருடைய காலத்துக்கு அண்ணனும் தம்பியும்.

“முதலமைச்சர் தொகுதின்னு சொல்லிக்கிட்டது பெருமையா இல்லையா?” என்று கேட்டேன்.

“பெருமைதான். மனு குடுக்கணும்னா மெட்ராஸ் போகணுமே” என்றார். “இப்ப உள்ளூர் ஆளுக. வீடு தெரியும். மலைய விட்டு எறங்குனா கதவத் தட்டலாம்.”

எம்.ஜி.ஆர். காலத்தில் அமெரிக்காவுக்கு, ஜெயலலிதா காலத்தில் போயஸ் தோட்டத்துக்கு நீண்டிருந்த தூரம், இந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு ஜீப் சவாரியாகச் சுருங்கியிருக்கிறது. வெளியூரில் தொகுதியின் மவுசு குறைந்துவிட்டது என்கிறோம். அவர் அதையே வேறு பக்கமிருந்து பார்க்கிறார். அடுத்து யார் நின்றாலும், ரோட்டுக்கும் ஆற்றுக்கும் மனு எழுதிப் பையிலேயே வைத்திருக்கிறாராம். தேதி மட்டும் போடவில்லை.

“தட்டும்போது வீடு பூட்டியிருந்தா?”

ஜீப் வந்துவிட்டது. அரிசிப் பையைத் தூக்கி உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு வீடு இருக்குல்லண்ணே. அண்ணன் இல்லைன்னா தம்பி.”